அறக்கட்டளையும் கம்பெனியும் தரும் ஆராய்ச்சி நிதி: பல்கலைக்கழக ஆய்வாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆராய்ச்சி நிதி என்றதும் நம் பேராசிரியர்கள் விரலை மடக்க ஆரம்பிப்பார்கள்: டி.எஸ்.டி. (அறிவியல் தொழில்நுட்பத் துறை), டி.பி.டி. (உயிரித் தொழில்நுட்பத் துறை), ஐ.சி.எம்.ஆர். (மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்). ஐந்தாவது விரல் பாதியிலேயே நின்றுவிடும். அரசு கொடுக்காவிட்டால் ஆராய்ச்சி கிடையாது என்பது நம் வளாகங்களில் ஊறிப்போன எண்ணம். அரசோ வெளியே பார்க்கத் தொடங்கி நாளாயிற்று. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டார்கள். அதில் 36,000 கோடியைத் தொழில் நிறுவனங்களும் கொடையாளர்களும் தருவார்கள் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

இது புதுப் பழக்கமும் கிடையாது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்ததே அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தாலும் 15 லட்ச ரூபாயாலும்தான். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அன்று வள்ளல் மனது வைத்தால் போதும். இன்று அவருக்கும் நமக்கும் நடுவில் நாலைந்து சட்டங்களும் ஒரு டஜன் படிவங்களும் இருக்கின்றன.

ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் ஒன்பது வருடம் இந்தக் கோப்புகளைத் தள்ளியவன் நான். என் மேசைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் முதல் கேள்வி, "யார் யார் கொடுக்கிறாங்கன்னு ஒரு லிஸ்ட் இருக்கா சார்?" லிஸ்ட் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனவர்களில் பணம் வாங்கியவர்கள் குறைவு. ஏனென்றால் லிஸ்ட் நாலாவது படி. முதல் மூன்றைத் தாண்டாமல் அதற்குப் போனால் ஆறு மாத உழைப்பு குப்பைக்குத்தான்.

படி 1: முதலில் கணக்குப் பிரிவுக்குப் போங்கள்

உங்கள் நிறுவனத்துக்குள் எந்தப் பணம் சட்டப்படி நுழைய முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு தனியார் கல்லூரியில் நடந்தது. தாவரவியல் ஆசிரியை ஒருவர் வெளிநாட்டு அறக்கட்டளைக்கு விண்ணப்பித்து, மூன்று கட்டத் தேர்வைத் தாண்டி, தேர்வுக் கடிதத்தோடு என்னைப் பார்க்க வந்தார். இனிப்புப் பெட்டியும் கையில். கல்லூரியின் கணக்குக் கண்காணிப்பாளருக்கு போன் போட்டோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மேடம், இந்தப் பணத்தை எந்த அக்கவுண்ட்ல வாங்குறது?" கல்லூரி நடத்தும் டிரஸ்ட்டுக்கு, வெளிநாட்டுப் பணம் வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லை. முன் அனுமதி வாங்கலாம் என்று அலைந்து முடிப்பதற்குள் அறக்கட்டளையின் நிதியாண்டு முடிந்துவிட்டது.

ஆகவே கணக்குப் பிரிவில் கேட்க வேண்டியவை இவை.

வெளிநாட்டுப் பணத்துக்கு: 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் (அதுதான் எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இருக்கிறதா, எந்த வருடம் வரை? பதிவு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இன்னொரு முக்கியமான தடை பலருக்குத் தெரியாது: வாங்கிய வெளிநாட்டு நிதியை வேறு நிறுவனத்துக்கு மாற்றித்தர முடியாது. மூன்று கல்லூரிகள் சேர்ந்து செய்யும் திட்டத்தில் நீங்கள் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

மத்திய, மாநிலச் சட்டத்தால் உருவாகி, சி.ஏ.ஜி.யின் (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கை கட்டாயமாக உள்ள அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும். "நாமதான் கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டியாச்சே" என்று விட்டுவிடாமல், விலக்கு பொருந்துகிறதா என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுக் கம்பெனிப் பணத்துக்கு: சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறதா? 2021 ஏப்ரல் முதல் கம்பெனிக்காகத் திட்டத்தை நடத்தும் அமைப்புக்கு இந்த எண் வேண்டும். தனியார் டிரஸ்ட், சொசைட்டி என்றால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி என்ற வரிச் சலுகைப் பதிவுகளும் அதற்கு அடிப்படை. டி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) அங்கீகாரம் இருந்தால் அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வையுங்கள். பான் கார்டு, மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, கையொப்பமிடும் அதிகாரி யார் என்ற ஆணை, எல்லாம். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பதிவாளர் சுற்றுப்பயணத்தில் இருப்பார். இது இயற்கை விதி.

படி 2: ஒரே கம்பெனி, இரண்டு பை

கம்பெனியிடம் போகும் ஆய்வாளர்கள் செய்யும் பெரிய தவறு, தவறான பையைப் பார்த்துக் கை நீட்டுவது.

ஒரு பை சி.எஸ்.ஆர். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 60 கோடி என்றால் 1 கோடியே 20 லட்சம். எதற்கெல்லாம் செலவிடலாம் என்பது சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. ஆய்வாளர் அந்த ஒரு பக்கத்தை மனப்பாடமே செய்யலாம்.

அதன் ஒன்பதாவது உருப்படி நமக்கானது. 2019இல் அதை விரித்தார்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவ ஆராய்ச்சிக்காகப் பொதுநிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், தேசிய ஆய்வகங்கள் போன்றவற்றுக்குக் கம்பெனி நேரடியாகக் கொடுக்கலாம். அதே உருப்படியில் இன்னொரு வழியும் இருக்கிறது: மத்திய, மாநில அரசோ அவற்றின் முகமையோ பொதுத்துறை நிறுவனமோ நிதி தரும் ஆராய்ச்சித் திட்டத்துக்கும் பங்களிக்கலாம். தனியார் கல்லூரி ஆசிரியருக்கு முதல் வழி அடைத்துக் கிடக்கும். ஆனால் அவர் கையில் ஏற்கெனவே ஒரு சிறிய அரசுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தால், அதைக் காட்டி இரண்டாவது வழியைக் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், ஊரக மேம்பாடு ஆகிய உருப்படிகளுக்குள் அடங்கும் களப்பணியாகத் திட்டத்தை அமைக்க வேண்டும். இதில் வளைக்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை உண்டு. குவாண்டம் புள்ளிகளைப் பற்றிய ஆய்வை ஊரக மேம்பாடு என்று எழுதிக் கொண்டுவந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொரு பை கம்பெனியின் சொந்த ஆராய்ச்சிப் பிரிவுடையது. உங்கள் ஆய்வின் முடிவு அவர்களுடைய பொருளுக்கு நேரடியாகப் பயன்படும் என்றால் இந்தப் பைதான் சரி. வழக்கமான வணிகத்தின் பகுதியாகச் செய்யும் வேலையைச் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதச் சட்டம் இடம் தராது. பெயின்ட் கம்பெனியிடம் போய், "உங்கள் பெயின்ட் துருவைத் தாங்கும்படி மேம்படுத்தித் தருகிறேன், சி.எஸ்.ஆர். நிதி தாருங்கள்" என்றால் அங்கிருக்கும் அதிகாரிக்குச் சிரிப்புத்தான் வரும். அதையே அவர்களுடைய ஆய்வகத் தலைவரிடம் சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.

சி.எஸ்.ஆர். பையில் இன்னும் இரண்டு சங்கதி. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. ஆகவே ஒசூரிலோ தூத்துக்குடியிலோ ஆலை வைத்திருப்பவரிடம் அந்தந்த ஊர்ப் பிரச்சினையைக் கொண்டு போங்கள். தொடர் திட்டம் என்றால் தொடங்கிய ஆண்டு போக மூன்றாண்டுக்கு மேல் நீளக்கூடாது. ஐந்தாண்டு பிஎச்டி கனவு இதற்குள் அடங்காது.

படி 3: நன்றியுரையிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

யார் கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, உங்கள் துறையில் கடந்த ஐந்தாண்டில் வந்த முப்பது கட்டுரைகளை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது. நன்றியுரையில் யார் பணம் கொடுத்தார், எந்த எண்ணில் கொடுத்தார் என்று இருக்கும். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்துக்குச் சந்தா உள்ள நூலகம் என்றால் நிதி அளித்தவர் பெயரைக் கொண்டே தேடலாம். இப்படிக் கிடைக்கும் பெயர்களுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு: அவர்கள் உங்கள் மாதிரி ஆய்வுக்கு, உங்கள் மாதிரி ஆளுக்கு, ஏற்கெனவே கொடுத்தவர்கள்.

அடுத்து அவர்களுடைய கணக்கைப் பாருங்கள். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் 990-பிஎஃப் என்ற வரிப்படிவத்தைத் தாக்கல் செய்கின்றன. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். புரோபப்ளிகா தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பிரிட்டிஷ் நிதிகளுக்கு 360கிவிங் நடத்தும் கிராண்ட்நாவ் என்ற தேடுதளம் இருக்கிறது. இணையதளத்தில் "உலகெங்கும் ஆராய்ச்சியை ஆதரிக்கிறோம்" என்று எழுதியிருக்கும். படிவத்தைத் திறந்தால் பத்து வருடமாக ஒரே மாநிலத்தின் மூன்று பல்கலைக்கழகங்களுக்குத்தான் போயிருக்கும். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும் இந்த உண்மைக்காக ஆறு மாதம் செலவழித்தவர்கள் உண்டு.

இந்தியக் கம்பெனிகளுக்கு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தேசிய சி.எஸ்.ஆர். தளத்தில் கம்பெனிவாரியாகப் பார்க்கலாம். ஆண்டறிக்கையையும் விடாதீர்கள். 2022இல் படிவத்தைச் சுருக்கிவிட்டார்கள். ஆகவே 2020–21, 2021–22 அறிக்கைகளைத் தேடி எடுங்கள். பின்னிணைப்பில் அகலமான அட்டவணை ஒன்று இருக்கும்: திட்டத்தின் பெயர், ஏழாம் அட்டவணையில் எந்த உருப்படி, உள்ளூரா இல்லையா, மாவட்டம், தொகை, கம்பெனி நேரடியாகவா, திட்டத்தை நடத்தும் வேறு முகமை வழியாகவா, முகமையின் பெயர், அதன் சி.எஸ்.ஆர். எண். படிக்கும்போது நான் முதலில் கண்ணை ஓட்டுவது முகமைப் பெயர்களின் மேல். எல்லாம் கம்பெனியின் சொந்த அறக்கட்டளை என்றால் வெளியாளுக்கு இடம் குறைவு. நாலு இடத்தில் கல்லூரி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று கலந்து வந்தால் கதவு திறந்திருக்கிறது. பிறகு தொகை: பெரும்பாலான வரிகள் 8 லட்சம், 12 லட்சம் என்று இருக்கும் கம்பெனியிடம் 2 கோடி கேட்டுப் போகக்கூடாது.

படி 4: இனி லிஸ்ட்

உயிரியல், மருத்துவம்: வெல்கம் டிரஸ்ட்டும் டி.பி.டி.யும் சேர்ந்து 2008 முதல் நடத்தும் இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்புகள் நம் நாட்டில் இளம் ஆய்வாளருக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மிக நல்லவை. ஐந்தாண்டு ஓடும், நேர்காணல் கடுமை. கேட்ஸ் அறக்கட்டளையின் கிராண்ட் சேலஞ்சஸ் அழைப்புகள் தலைப்பைக் குறுக்கிக் கேட்கும். தலைப்பு பொருந்தாவிட்டால் தொட வேண்டாம். பிரதீக்ஷா டிரஸ்ட் போன்ற பெருங்கொடைகள் இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களுக்கே போகின்றன. மாவட்டக் கல்லூரியிலிருந்து அங்கே நேரடியாகத் தட்டுவதைவிட, அந்த மையங்களில் இருப்பவரோடு கூட்டாளியாகச் சேர்வது புத்திசாலித்தனம்.

கணினி அறிவியல்: கூகுளின் ரிசர்ச் ஸ்காலர் திட்டம் பணியில் புதிதாகச் சேர்ந்த பேராசிரியர்களுக்கு, 60,000 டாலர் வரை. என்விடியா, அமேசான் போன்றவை ரொக்கத்தைவிடக் கருவியாகவும் கிளவுட் கிரெடிட்டாகவும் (அவர்களுடைய கணினிகளை இணையவழி இலவசமாகப் பயன்படுத்தும் வரவு) தருவதில் தாராளம். கிரெடிட்டுக்குக் காலாவதி தேதி உண்டு. மாணவர் சேர்வதற்குள் கிரெடிட் செத்துப்போன கதைகள் ஏராளம்.

வனவிலங்கு, சூழலியல்: ரஃபோர்டு அறக்கட்டளையின் சிறு நிதிகள் இளம் களப்பணியாளருக்கு ஏற்ற முதல் படிக்கட்டு. ஒரு தடவை ஒழுங்காக முடித்தவர் அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அபுதாபியின் முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதி 25,000 டாலர் வரை தருகிறது; ஒரு குறிப்பிட்ட இனத்தைச் சுற்றித் திட்டம் இருக்க வேண்டும்.

தமிழ், வரலாறு, மானுடவியல் துறையினர் தங்களுக்கு எதுவுமே இல்லை என்று நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழிநிலை ஆவணத் திட்டம் 2004 முதல் ஆர்க்கேடியா நிதியத்தின் பணத்தில் ஓடுகிறது. ஓலைச்சுவடி, பழைய அச்சுப் பிரதி, ஊர்க் கணக்கு என்று தமிழ்ப் பொருள்கள் நிறைய இதில் மின்னுருவாகியிருக்கின்றன. மூலம் ஊரிலேயே இருக்கும், படம்தான் போகும். பெங்களூரின் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை இந்திய மொழிகளிலேயே விண்ணப்பம் வாங்குகிறது. கலை ஆய்வைத் தமிழில் எழுத முடியும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! மானுடவியலுக்கு வென்னர்-கிரென் அறக்கட்டளை இருக்கிறது, எந்த நாட்டவரும் கேட்கலாம்.

இன்ஃபோசிஸ் பரிசு போன்றவற்றை இந்த லிஸ்ட்டில் சேர்க்காதீர்கள். அவை செய்து முடித்த வேலைக்குப் பரிசு.

படி 5: ப்ரொபோசலுக்கு முன் ஒரு பக்கம்

கம்பெனிக்கும் சிறிய அறக்கட்டளைக்கும் முதல் தடவையே முப்பது பக்கம் அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் போதும். என் மேசைக்கு வந்த ஒரு பக்கக் குறிப்புகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் ஆரம்பிக்கும்: "எங்கள் துறை 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இதுவரை 42 முனைவர் பட்டங்களை..." படிப்பவர் அங்கேயே அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

கடலோர மாவட்டம் ஒன்றின் நிலத்தடி நீர் ஆய்வுக்கு நாங்கள் உட்கார்ந்து மாற்றியெழுதிய முதல் வரிகள் இவை: "உங்கள் ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் உப்பாகிறது என்று இன்று யாரிடமும் பதிவு இல்லை. 120 கிணறுகளை 18 மாதம் அளந்து, கிணறு கிணறாக அந்த விவரத்தை ஊராட்சிகளுக்குத் தமிழில் கொடுப்போம். செலவு 14 லட்சத்து 9 ஆயிரம் ரூபாய்." பிரச்சினை, வேலை, காலம், தொகை, யாருக்குப் பயன் என்று எல்லாம் மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டது. துறையின் பெருமையைப் பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் வைத்தோம்.

அனுப்பும் காலமும் முக்கியம். சி.எஸ்.ஆர். குழு ஆண்டுச் செயல்திட்டத்தைத் தயாரித்து இயக்குநர் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகவே அக்டோபர் முதல் ஜனவரிக்குள் அவர்கள் கண்ணில் படுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் செலவாகாத பணத்தை வைத்துக்கொண்டு சிலர் தவிப்பார்கள். அப்போது தயாராக ஒரு பக்கம் வைத்திருப்பவருக்கு அதிர்ஷ்டம் அடிப்பதும் உண்டு. அதை நம்பி உட்காரக்கூடாது.

படி 6: பட்ஜெட்டை ஊர்க் கணக்காகப் போடுங்கள்

மேலே சொன்ன திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்), மாதம் 37,000 ரூபாய், 10 சதவீத வீட்டு வாடகைப்படியுடன் 18 மாதம்: 7,32,600. 120 கிணறு, ஆறு சுற்று, ஒரு மாதிரிக்கு 350 ரூபாய்ச் சோதனைச் செலவு: 2,52,000. வண்டி வாடகை நாளுக்கு 3,500 வீதம் 36 நாள்: 1,26,000. கையடக்க அளவீட்டுக் கருவி இரண்டு: 1,20,000. ஊராட்சிக் கூட்டங்களும் தமிழ் அறிக்கையும்: 50,000. கூட்டினால் 12,80,600. நிறுவன ஓவர்ஹெட் (பல்கலைக்கழகம் தன் பொதுச் செலவுக்குப் பிடிக்கும் பங்கு) 10 சதவீதம் 1,28,060. மொத்தம் 14,08,660.

"இதர செலவு 3 லட்சம்" என்ற வரியைப் பார்த்ததும் கொடுப்பவரின் நம்பிக்கை போய்விடும். ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு பெருக்கல் இருக்கட்டும். ஓவர்ஹெட் விஷயத்தில் கொடுப்பவரின் விதியை முதலிலேயே படியுங்கள். சிலர் ஒரு பைசாகூடத் தரமாட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகமோ கட்டாயம் பிடிக்கும். அந்தச் சண்டையைப் பணம் வந்த பிறகு போட்டால் உங்கள் ஜே.ஆர்.எஃப். சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். விண்ணப்பிக்கும் முன்பே டீனிடம் விலக்குக் கடிதம் வாங்குங்கள்.

சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கும் கருவி கம்பெனியின் சொத்தாக இருக்க முடியாது என்பதையும் எழுதி வையுங்கள். பிற்பாடு "மெஷினை எங்க பிளாண்டுக்கு அனுப்புங்க" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

படி 7: கையெழுத்துக்கு முன்

அறக்கட்டளை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சாது. கம்பெனியின் ஆராய்ச்சிப் பையிலிருந்து வருவதை மட்டும் வரிவரியாகப் படிக்க வேண்டும். மூன்று இடங்களில் விரலை வைத்துப் படியுங்கள். கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு. நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்த அறிவும் அதற்குள் இழுக்கப்படுகிறதா? கட்டுரை வெளியிட அவர்கள் அனுமதி வேண்டுமா, எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்? நாள் குறிக்காத "முன் ஒப்புதல்" என்ற சொல் இருந்தால் உங்கள் மாணவரின் ஆய்வேடு அவர்கள் கையில். 60 நாள், பதில் இல்லையென்றால் சம்மதம், என்று மாற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் மாற்றுவார்கள். மூன்றாவது, நடுவில் நிறுத்தினால் சேர்ந்துவிட்ட ஜே.ஆர்.எஃப்.க்குச் சம்பளம் யார் தருவது?

ஜி.எஸ்.டி.யையும் அப்போதே பேசிவிடுங்கள். அரசு அமைப்புகளும், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ் ஆராய்ச்சிக்கென அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழகம், கல்லூரி போன்றவையும் கிராண்ட் வாங்கிச் செய்யும் ஆராய்ச்சிக்கு 2024 அக்டோபர் 10 முதல் வரி விலக்கு. ஆலோசனைப் பணி என்றால் 18 சதவீதம். ஒரே வேலையை "கன்சல்டன்சி" என்று எழுதுவதா "ரிசர்ச் கிராண்ட்" என்று எழுதுவதா என்பதில் 10 லட்சத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, வேலையும் அப்படி இருக்க வேண்டும்.

படி 8: பணம் வந்த பிறகு

தனிக் கணக்குத் தலைப்பு, தனிக் கோப்பு. பயனீட்டுச் சான்றிதழைக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே தணிக்கையாளரிடம் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேட்காமலே இரண்டு பத்தியில் நிலவரம் எழுதுங்கள், தவறியதையும் சேர்த்து. மழை வந்து மூன்றாவது சுற்று தள்ளிப்போனது என்று நீங்களே சொன்னால் கால நீட்டிப்பு கிடைக்கும்; அவர்களாகக் கண்டுபிடித்தால் அடுத்த தவணை நிற்கும். நிராகரிப்புக் கடிதம் வந்தாலும் மதிப்பீட்டாளர் குறிப்பைக் கேளுங்கள். பாதிப் பேர் அனுப்புவார்கள்.

கட்டுரை வெளியாகும்போது கொடுத்தவர் பெயரையும் கிராண்ட் எண்ணையும் ஒப்பந்தத்தில் இருக்கிறபடி எழுத்துப் பிசகாமல் போடுங்கள். "ஒரு தனியார் அறக்கட்டளைக்கு நன்றி" என்று முடித்துவிட்டால், நாளை முப்பது கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கப்போகிறவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.